மூன்றாம் இலக்கக் கோழி

கூர்ப்பு என்ற பரிணாமப் பாடத்துக்கு ஒரு சொந்த உதாரணம் எழுதிவரச் சொன்னார் மாலை வகுப்பு நல்லரத்தினம் சேர். 'யுத்தத்தால் எங்கள் கோழிகள் மரத்தில் படுக்கப் பழகிக்கொண்டன' என்று எழுதினேன். சேர் அதைச் சிவப்பு மையால் வளைத்து, 'பழகினவையா, மிஞ்சினவையா?' என்று கேட்டிருந்தார்.

யோசிக்க இரண்டு நாள் பிடித்தது. 2007 இல் கரடியனாற்றை விட்டு ஓடியபோது இருபத்துமூன்று கோழிகளை விட்டுப்போனோம். பதினொரு மாதம் கழித்துத் திரும்பியபோது ஆறு இருந்தன, ஆறும் மாமர உச்சியில். கூட்டில் படுத்தவற்றை நரியும் கீரியும் முடித்திருக்கும். ஆக, எந்தக் கோழியும் மாறவில்லை. முதலிலேயே மரமேறும் சுபாவம் இருந்தவை மிஞ்சிக் குஞ்சு பொரித்திருக்கின்றன. ஆனால் குஞ்சுகள் தாயைப் பார்த்துத்தான் ஏறுகின்றனவோ? இந்தச் சந்தேகத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே கிளப்பி நானே மாட்டிக்கொண்டேன்.

வகுப்புத் தோழி நுஸ்ரா ஏறாவூரிலிருந்து தன் அடைகோழியை இரவல் தந்தாள். அது கூட்டை விட்டு எங்கும் ஏறாத சாது. மரத்துக் கோழிகளின் முட்டைகளை அதற்கு அடைவைத்தேன். ஐந்து பொரித்தன. கால்களில் நகப்பூச்சால் ஒன்று முதல் ஐந்துவரை புள்ளி வைத்தேன். அவை வளர்ந்தபின், ஏழு மாலை எண்ணிக் கொண்டுவரச் சொன்னார் சேர். ஆறு மாலையும் ஒரே முடிவு: வளர்த்தவள் ஏறாதபோதும் நான்கு மரத்தில். மூன்றாம் இலக்கம் மட்டும் அவளோடு கூட்டில்.

ஏழாம் நாள் ஞாயிறு. அன்று மதியம் சித்தாண்டியிலிருந்து கேதீஸ்வரி அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. இடம்பெயர்வில் இரண்டு சம்பந்தம் கலைந்துபோனவள் அக்கா. இம்முறை வீட்டுக் கோழிக் கறி என்று அம்மா தரகரிடம் சொல்லிவிட்டா.

விடியலில் கதிர்காமத்தம்பி மாமா வீச்சுவலையோடு வந்தார். சுனாமியில் வீடு போன பிறகு எங்களோடு இருப்பவர், வாவியில் மீன் பிடிப்பவர். கோழியும் மீன் மாதிரித்தான், அசையாமல் நிற்க வேண்டும் என்று சொல்லி நெடுநேரம் நின்றார். வலை குடைபோல் அழகாக விரிந்து மாமரத்தில் விழுந்தது. கோழிகள் ஒரு கிளை மேலே போயின. வலையை எடுக்க ஏறிய மாமாவை முசுறு எறும்புகள் மொய்க்க, ஏறியதைவிட வேகமாக இறங்கினார்.

அம்மா கூட்டடிக்கு வந்தா.

"ரெண்டுதான் இரிக்கி. ஒண்டு இரவல் தந்த அந்தப் புள்ளைட, மத்தது உன்ட. எதெண்டு நீயே சொல்லு."

"இண்டைக்குப் பின்னேரம் மட்டும் விடுங்கம்மா. எண்ணி முடிச்சிருவன்."

"நீ எண்ணி முடிக்கும்வரைக்கும் அவங்க பட்டினியா கிடக்கிற?"

அடுக்களை வாசலில் சேலையோடு நின்ற அக்கா, "விடுங்கம்மா, பருப்புப் போதும்" என்று மெல்லச் சொன்னா. அம்மா திட்டியிருந்தால் நான் இன்னும் வாதாடியிருப்பேன். கூட்டைத் திறந்தேன். மூன்றாம் இலக்கம் ஓடவுமில்லை. தானே வந்து கையில் ஏறியது.

மாப்பிள்ளையின் தாய் இரண்டு தரம் கறி கேட்டு வாங்கினா. சம்பந்தம் பொருந்தியது.

அன்று மாலை நான்கும் மரத்தில் இருந்தன. மறுநாள் நுஸ்ரா என் கொப்பியைப் பார்த்து, "நாலுக்கு நாலு எண்டு எழுதுகா, நூறு வீதம்" என்றாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு தரம் எழுதி அழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'இல. 3: ஆறு நாள் கூட்டில். ஏழாம் நாள் இல்லை. தேர்வுக் காரணி: மாப்பிள்ளை வீட்டார்.'

சேர் அதை வகுப்பில் உரக்க வாசித்துப் பத்துக்கு ஏழு போட்டார். ஐந்து குஞ்சு போதாதாம், குறைந்தது இருபது வேண்டுமாம். அக்காவின் கலியாணம் ஆவணியில். அதுவரை எங்கள் வீட்டில் இருபது கோழியை உயிரோடு வைத்திருக்கலாம். ஆனால் சம்பந்தி வீட்டார் வந்துபோவதால் இருபதும் மரமேறுபவையாகத்தான் இருக்கும்.