முழு நொடிகள்

என் நண்பர் டொனலின் குழலிசையை ஒலியாகப் பதிய வேண்டாம் என்று சொன்ன முட்டாள் நான்தான். ஒவ்வொரு ஸ்வரமும் எந்த நொடியில் பிறந்தது என்று என் நிரல் வரிவரியாகக் கோப்பில் எழுதிவிடும், பிறகு கணினியே அதை அப்படியே வாசித்துவிடும் என்று பீற்றிக்கொண்டேன். ஒலிக்கு நிரல் எழுதி இருபது வருடம் ஆகிறது. சோர்வு வந்த அளவுக்குப் புத்தி வரவில்லை.

அப்படி வாசித்துப் பதிந்து பதினோரு நாள் கழித்து டொனல் போய்விட்டார். அயர்லாந்தின் கிளேரில் மழையோடு மழையாகப் புதைத்தோம். கல்லறை வாசலில் அவர் மனைவி நோரின் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா வாசிச்சது உன்கிட்டதானே இருக்கு ஃபியாக்ரா? ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும்ப்பா."

இருக்கிறது என்றேன்.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். ஸ்வரங்கள் பிறந்த நொடிகள் வரிசையாக 4, 5, 5, 6, 8. புள்ளியும் இல்லை, புள்ளிக்குப் பின்னால் எதுவும் இல்லை. நேரத்தை எழுதும் இடத்தில் தசமத்துக்கான குறிக்குப் பதிலாக முழு எண்ணுக்கான குறியைப் போட்டிருந்தேன். ஒரே ஓர் எழுத்து. மூன்று நாள் கண்ணெரிய உட்கார்ந்து, ஒரே நொடியில் குவிந்த ஸ்வரங்களைச் சம இடைவெளியில் பிரித்து வைத்தேன். நோரினிடம் சொல்ல வாய் வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் நோரின் ரொட்டியோடு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே அதைக் கேட்டார். பாதியிலேயே கையைத் தூக்கினார்.

"யாருப்பா இது?"

"டொனல்தான்."

"போடா! கல்யாணத்துக்கே இருபது நிமிஷம் லேட்டா வந்த மனுஷன். பாதிரியார் மூணு தடவை கடிகாரத்தைப் பார்த்தாரு. அவரு ஒரு ஸ்வரத்தையாவது நேரத்துக்கு வாசிச்சிருப்பாரா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அதற்குமேல் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நோரின் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மறுபடி போடு" என்றார்.

போட்டேன். மேசையில் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு ஸ்வரமும் ஒலித்து முடிந்த பிறகே அந்த விரல் இறங்கியது. ஒன்றுக்குக் கொஞ்சம், இன்னொன்றுக்கு நிறைய.

"இங்கதான் வருவாரு" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "இரு… இரு… இப்போ."

நான் மைக்கை மெதுவாக மேசைப்பக்கம் திருப்பினேன். இந்த முறை ஒலியையும் பதிந்தேன்.