சத்தமில்லாமல் மேடேறிய பஸ்

பல்கலைக்கழக பஸ்ஸை ஓட்டுவது மனைவி. அது மக்கர் பண்ணினால் சரிசெய்வது கணவர். அதனால் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் கிளட்ச், பிரேக் பேச்சுதான்.

"உன் கால் கிளட்ச் மேலயே குடியிருக்கு" என்பார் அவர்.

"நீங்க ஒழுங்கா சரிபண்ணிக் கொடுத்தா என் கால் ஏன் அங்க குடித்தனம் பண்ணப்போகுது?" என்பாள் அவள்.

மாணவர்கள் அவளை டிரைவர் அக்கா என்று கூப்பிட்டார்கள். அவரை எல்லோரும் டீசல் அண்ணன் என்றார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அதுதான் அவருடைய நிஜப் பெயர் என்றே அவள் நினைத்திருந்தாள்.

பஸ் பல்கலைக்கழக வாசலில் கிளம்பி, ஆஸ்பத்திரி, மார்க்கெட் எல்லாம் தாண்டி மேட்டுத்தெருவில் போய் நிற்கும். மாணவர்கள், அலுவலகக்காரர்கள், காய்கறிப் பையோடு வருகிற வெளியாட்கள் என்று எல்லோரும் அதில்தான் வருவார்கள். கடைசி ஏற்றத்தில் அது திணறிக்கொண்டு ஏறும்போது பின்னால் கரும்புகை மூட்டம் போட்டுவிடும். மேட்டுத்தெரு நிறுத்தத்தை ஒட்டியிருந்த தையல்கடைக்காரர், பஸ் சத்தம் கேட்டதும் தைத்து மாட்டிய வெள்ளைச் சட்டைகளை வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடுவார்.

அந்த வருடம் மின்துறைப் பேராசிரியை சூரிய சக்தி வாரம் ஒன்றை நடத்தினார். சுவரெல்லாம் போஸ்டர், தினமும் ஒரு சொற்பொழிவு. வெளியாட்களும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். கடைசி நாள் கூட்டம் முடிந்து பேராசிரியை இதே பஸ்ஸில் போய் மேட்டுத்தெருவில் இறங்கினார். தையல்கடைக்காரர் எதிரே வந்தார்.

"மேடம், நானும் உங்க கூட்டத்துக்கு வந்திருந்தேன். காற்றைக் காப்பாத்தணும்னு ரொம்ப நல்லா பேசினீங்க." கையிலிருந்த சட்டையை விரித்துக் காட்டினார். "இப்ப உங்க பஸ் பேசினதையும் கொஞ்சம் பாருங்க."

வெள்ளைத் தோள்பட்டையில் கரி படிந்திருந்தது. பேராசிரியைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஓட்டுநர் இருக்கையில் இருந்த அவளுக்கும்தான்.

அடுத்த வாரமே பேராசிரியை ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். பஸ் எப்படியும் சீக்கிரம் காயலான் கடைக்குப் போக இருந்தது. அதைத் தன் துறைக்கு எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தார். டீசல் இன்ஜினை இறக்கிவிட்டு மின் மோட்டாரும் பேட்டரியும் வைப்பது, ஒர்க்‌ஷாப் கூரை முழுக்க சோலார் பலகை போட்டு அதிலேயே சார்ஜ் ஏற்றுவது என்பது திட்டம். மாணவர்கள் தயார். "நீங்க கூட இருந்தா எங்களுக்குப் பெரிய பலம் அண்ணே" என்றார்.

டீசல் அண்ணன் கைத்துணியை மடித்து வைத்தார். "யோசிச்சு சொல்றேன் மேடம்" என்றார். வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"என் பொழப்புல மண்ணைப் போடறாங்க. என்னையே மண்ணள்ளிக் கொடுக்கச் சொல்றாங்க."

நாளெல்லாம் அந்த இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளுக்குக் காது இரைந்துகொண்டே இருந்தது. தலைக்குக் குளித்தாலும் முடியில் புகை வாடை போவதில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னால் அவர் பிள்ளை மாதிரி வளர்த்த இன்ஜினைக் குறை சொன்ன மாதிரி ஆகும் என்று இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாள். இப்போது திறந்தாள்.

"மேடம் என்கிட்டயும் கேட்டாங்க. ஓட்டறேன்னு சொல்லிட்டேன்."

"நீயுமா?"

"ஆமா. நானும்தான்."

அப்புறம் பல நாள் அந்த வீட்டில் சாம்பார் கேட்பதற்குக்கூட ஜாடைதான்.

இன்ஜினை இறக்குகிற நாளில் அவர் லீவு போட்டார். மாணவர்கள் சங்கிலிக் கப்பியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியை பக்கத்தில் நின்றார். அவள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, லீவு போட்ட மனிதர் வாசலில் வந்து நின்றார். வீட்டு லுங்கியோடு.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க" என்றார். "நான் பூட்டினது. நானே கழட்டறேன்."

மாணவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். இன்ஜின் தொங்கிக்கொண்டே வெளியே வந்து தரையில் உட்கார்ந்ததும், அதன் மேல்மூடியைத் துணியால் துடைத்தார். எண்ணெயா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை, தன் முகத்தையும் அதே துணியால் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கரி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ காலியான இடத்துக்குள் எட்டிப் பார்த்து, "சரி, இதுக்குள்ள என்ன வைக்கப்போறீங்க?" என்று கேட்டார்.

புது வேலை சுலபமாகக் கைவரவில்லை. பேட்டரி இணைப்பைப் பழைய பழக்கத்தில் ஓங்கி முறுக்கி ஒரு போல்ட்டை உடைத்தார். "அண்ணே, இதுல கைபலம் வேண்டாம். அளவு பார்த்து முறுக்கணும்" என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொன்னார். அவர் தலையாட்டினார், மறுநாள் முதல் அளவு காட்டுகிற ஸ்பேனர் இல்லாமல் போல்ட் பக்கமே போகவில்லை. அதிக மின்னழுத்தம் உள்ள ஆரஞ்சு வண்ணக் கம்பியை எப்போது தொடலாம், எப்போது தொடவே கூடாது என்று வீட்டில் நடந்துகொண்டே மனப்பாடம் பண்ணினார். சாம்பார் ஜாடை போய், மறுபடி பேச்சு வந்துவிட்டது. "வோல்டேஜ்னா என்ன, கரண்ட்னா என்ன, கேள்வி கேளு என்னை" என்று அவளைப் பிடித்து உட்கார வைப்பார். அவர் தப்பாகச் சொன்னால் திருத்துகிற அளவுக்கு அவளுக்கும் பாடம் வந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப் நண்பர்கள் விடுவார்களா? "டீசல் அண்ணனை இனிமே பேட்டரி அண்ணன்னு கூப்பிடலாமா?" என்றார்கள்.

"தாராளமா கூப்பிடுங்க. ஆனா தொடாதீங்க, ஷாக் அடிக்கும்."

முதல் ஓட்டத்துக்கு நாள் குறித்தார்கள். கூரைப் பலகைகளில் அடித்த வெயில் பஸ்ஸின் வயிற்றுக்குள் போய் நிறைந்திருந்தது. அவள் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒன்றும் கேட்கவில்லை. "ஸ்டார்ட் ஆகலையா?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். "ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மெல்ல நகர்த்தினாள்.

மார்க்கெட்டில் தையல்கடைக்காரர் ஏறினார். "மேட்டுல நின்னுட்டா இறங்கித் தள்ளணுமா டிரைவரம்மா? சொன்னா இப்பவே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கறேன்."

"உட்காருங்கண்ணே."

ஏற்றம் வந்தது. வழக்கமாக அந்த இடத்தில் கியர் மாற்றி, பல்லைக் கடித்து, இன்ஜினோடு சேர்ந்து அவளும் மூச்சு வாங்குவாள். இப்போது காலை மட்டும் அழுத்தினாள். யாரோ பின்னாலிருந்து கை வைத்துத் தள்ளுகிற மாதிரி பஸ் ஏறியது. உள்ளே ஒரே நிசப்தம். அந்த நிசப்தத்தில், இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிப்போன ஒரு பெண்மணியின் குரல் மட்டும் கணீரென்று எழுந்தது: "எங்க நாத்தனார் மாதிரி ஒரு கஞ்சப்பிசினாறியை நீ பார்த்திருக்கவே மாட்டே!"

நாத்தனார் முன் இருக்கையில்தான் இருந்தார். திரும்பிப் பார்த்தார். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மேடு முடிந்துவிட்டது. தையல்கடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். தெரு அப்படியே தெளிவாக இருந்தது. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "ஏறிடுச்சே!" என்றார். இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க சார்ஜ் திரும்ப ஏறும் என்று, கூடவே வந்திருந்த டீசல் அண்ணன் எல்லோருக்கும் விளக்கினார். "போகும்போது செலவு பண்ணுது, வரும்போது சம்பாதிச்சுட்டு வருது. எங்க வீட்ல யாரும் இப்படி இல்ல."

அந்தப் பெருமை கொஞ்ச நாள்தான் நீடித்தது. ஒரு காலையில் பல்கலைக்கழகத் தொலைபேசி ஆபரேட்டர் அவளைப் போனில் கூப்பிட்டார். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வீடு மேட்டுத்தெருவில். தினமும் அவள் பஸ்ஸில்தான் வேலைக்கு வருவார்.

"டிரைவரம்மா, இன்னைக்கு பஸ் வந்துச்சா?"

"வந்துச்சே சார். நீங்க ஏறலையே, யாருக்கோ காத்திருக்கீங்கன்னு நினைச்சேன்."

"எனக்கு வரலைம்மா. ரோட்ல காலை வெச்சேன். சட்டைக் கையில காத்து உரசிட்டுப் போச்சு. தையல்காரர் மட்டும் இழுக்கலைன்னா இப்ப உங்ககூட பேசிட்டு இருக்கமாட்டேன்."

அவள் பஸ்ஸை நேரே ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து நிறுத்தினாள். விஷயத்தைச் சொன்னாள். பேராசிரியை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "சத்தம் இல்லைன்னு எல்லார்கிட்டயும் பெருமையடிச்சேன். அந்தச் சத்தம்தான் ஒருத்தருக்குக் கண்ணுன்னு எனக்குத் தோணவே இல்லை."

செய்தி பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போயிற்று. பழைய மாதிரி ஒரு டீசல் பஸ்ஸே வாங்கிவிடலாம் என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். கூட்டம் கூட்டினார்கள். ஆபரேட்டரையும் அழைத்தார்கள்.

அவர் எழுந்து நின்றார். "பழைய பஸ்ஸை யார் கேட்டது? அந்தப் புகையை நானும்தான் குடிச்சேன். எனக்கு இந்த பஸ்தான் வேணும். அது வர்றது எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

பின்வரிசையிலிருந்து டீசல் அண்ணன் எழுந்தார். "சத்தம்தானே சார்? அது என் டிபார்ட்மென்ட்."

அன்று மாலையே ஆபரேட்டரை ஒர்க்‌ஷாப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முதலில் தன் கைபேசியில் ஆசையாகப் பதிந்து வைத்திருந்த பழைய இன்ஜின் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். "லாரின்னு நினைச்சு ஒதுங்கிடுவேன்" என்றார் ஆபரேட்டர். ஒரு மாணவி சினிமா மெட்டு ஒன்றைப் போட்டாள். "கல்யாண வீடுன்னு பந்தியில உட்கார்ந்துடுவேன்." சைக்கிள் மணி அடித்தார்கள். "ஐஸ்காரர்னு பிள்ளைங்க எல்லாம் ஓடி வரும்." ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். டீசல் அண்ணன் அலுத்துப்போய், கையிலிருந்த பழைய கியர் சக்கரத்தை இரும்பு மேஜையில் வைக்கும்போது நழுவவிட்டார். அது கணீரென்று ஒலித்து, மெல்லத் தேய்ந்தது.

"அது என்ன?"

"கியர் சக்கரம் சார். மன்னிச்சுக்குங்க, கை தவறிடுச்சு."

"மறுபடியும் கை தவற விடுங்க."

விட்டார். ஆபரேட்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இந்தத் தெருவுல இப்படி வேற எதுவும் சத்தம் போடாது. எங்கிருந்து வருதுன்னும் தெரியுது. இதுதான்."

மீதி வேலை பேராசிரியையுடையது. அந்த ஓசையைப் பதிந்து, வண்டியின் வேகத்தோடு இணைத்தார். பஸ் வேகமெடுத்தால் ஓசை நெருங்கி வரும். வேகம் குறைந்தால் இடைவெளி விடும். நின்றால் மெதுவாக ஒற்றை ஒற்றையாக விழும். உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவாக இல்லாமல் வெளியே மட்டும் கேட்டது.

சோதனைக்கு விளையாட்டு மைதானத்தைக் கேட்டு வாங்கினார்கள். நடுவில் ஆபரேட்டர் கைத்தடியோடு நின்றார். அவள் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். அவர் தடியால் காட்டிக்கொண்டே திரும்பினார். "வருது... வருது... நின்னுடுச்சு. இப்ப கிளம்புது." ஏமாற்றிப் பார்க்கலாம் என்று அவள் ரிவர்ஸ் எடுத்தாள். "பின்னால போறீங்க டிரைவரம்மா, என்கிட்ட வேண்டாம்!" மைதானத்தைச் சுற்றி நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள். டீசல் அண்ணன் மட்டும் தட்டவில்லை. இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்தபடி நின்றார்.

மறுநாள் காலை மேட்டுத்தெருவில் ஆபரேட்டர் தானே படியில் கால் வைத்து ஏறினார். "இன்னைக்கு எனக்கும் வந்துச்சு" என்றார்.

அதற்கப்புறம் நடந்தது யாரும் திட்டம் போடாதது. தையல்கடைக்காரர் ஒருநாள் ஒர்க்‌ஷாப்புக்கே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். "அத்தனை பெரிய வண்டியையே மேடேத்துது. என் தையல் மெஷினை ஓட்டாதா?" என்று கேட்டார். ஓட்டியது. அவரைப் பார்த்து மாவு மில்காரர், அவரைப் பார்த்து மருந்துக்கடை. சுவரில் ஒட்டிய போஸ்டரைத் திரும்பிப் பார்க்காத தெரு, பேராசிரியையின் மாணவர்களைத் தேடிப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போயிற்று. விடுமுறை நாட்களில் பலகைக்குச் சட்டம் அடிக்க டீசல் அண்ணனும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கடைசியில் நகரப் போக்குவரத்து அதிகாரிகள் பஸ்ஸைப் பார்க்க வந்தார்கள். டீசல் அண்ணன் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். காலர் பட்டனை அவள்தான் போட்டுவிட்டாள், அவர் விரலுக்குப் படபடப்பில் பட்டன் பிடிபடவில்லை. அதிகாரிகள் மேடு ஏறினார்கள், இறங்கினார்கள், கீழே குனிந்து பார்த்தார்கள். தலைமை அதிகாரி கேட்டார்: "இதை யாருப்பா பண்ணினது?"

பேராசிரியை டீசல் அண்ணனைக் கை காட்டினார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம் யோசிச்சாங்க சார். பசங்க ராப்பகலா உழைச்சாங்க. சத்தம் ஆபரேட்டர் சார் காது கண்டுபிடிச்சது. நான் கழட்டி மாட்டினேன்." பிறகு ஓட்டுநர் இருக்கைப் பக்கம் திரும்பினார். "ஓட்டறது என் சம்சாரம். நான் தயங்கினப்போ முதல்ல சரின்னு சொன்னவங்க அவங்கதான்."

வீட்டில் அவளை அவர் 'நீ, வா, போ' என்றுதான் பேசுவார். அத்தனை பேர் முன்னால் அந்த 'அவங்க' அவளுக்கு எங்கோ போய்த் தைத்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சில மாதத்தில் நகரத்தின் பழைய பஸ்களும் இதேபோல் மாற்றுவதற்காகக் கயிறு கட்டி இங்கே இழுத்துக்கொண்டு வரப்பட்டன. கூடவே நகர டிப்போவின் மெக்கானிக்குகளும் வந்தார்கள், கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ள. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிட அவள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அந்த மெக்கானிக்குகள் அவரைச் சுற்றி வட்டமாக நின்றிருந்தார்கள். சிலர் முகத்தில் கோபம்கூட இருந்தது. யாரோ தங்கள் இன்ஜினை எடுக்க வந்துவிட்டார்கள் என்கிற கோபம். அவர் அதைப் பார்த்துவிட்டார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

"அவசரமே இல்ல தம்பிங்களா. முதல்ல உங்க இன்ஜினை நீங்களே இறக்குங்க. வேற யாரும் கை வைக்கமாட்டாங்க. அப்புறம் பேசலாம்."

கூப்பிட வந்தவள் கூப்பிடவில்லை. டிபன் தூக்கை இடுப்பில் அணைத்துக்கொண்டு, தூணோரம் நின்று, அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.