புள்ளி வைக்காத தெரு

அந்தத் தெருவில் எந்தக் கடைப் பலகையிலும் புள்ளி உருப்படியாக இருக்காது. பாத்திரம் விற்பவர் "பாததிரக கடை". மாத்திரை விற்பவர் "மருநதுக கடை". கண்ணாடிக்காரருக்கு மட்டும் பாதி யோகம்: "கண்ணாடிக கடை". வரிசையாகச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டு போனால், கொதிக்கிற டீயை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருக்கும்.

அவளுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். தெருவே "டிகிரி" என்றுதான் கூப்பிடும். கல்லூரி விடுதியில் இந்தப் பலகைகளின் படங்கள் யார் யார் கைப்பேசியிலோ சுற்றி வந்து, அறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "எழுத்துக் கூட்டத் தெரியாத கூட்டம்" என்றாள் ஒருத்தி. "அது என் தெரு" என்றாள் இவள். சிரிப்பு சட்டென்று நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது. அந்தக் கோபத்தைத் துணிமணியோடு மடித்துப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

இத்தனைக்கும் காரணம் அவளுடைய சித்தப்பாதான். பலகை எழுதுவது அவர் தொழில். எழுத்தெல்லாம் நீலம், புள்ளி மட்டும் சிவப்பு. அது அவருடைய முத்திரை. நீலம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் சிவப்பைத் தொடுவார். அதற்கு ஒரு ராத்திரி ஆகும். கடை வைக்கிறவர்களுக்கு அந்த ஒரு ராத்திரி பொறுக்காது. "புள்ளியை அப்புறமா வச்சுக்கலாம் சார்" என்று ஈரத்தோடு தூக்கிக்கொண்டு போய் மாட்டிவிடுவார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் முதல் புள்ளி விழும்வரை பொறுத்தார். மாட்டியபின் சித்தப்பாவால் ஒன்றும் செய்ய முடியாது. ஏணியைக் கண்டாலே அவருக்குத் தொடை நடுங்கும்.

இப்போது அம்மா கடை வைக்கிறாள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கடையில் மெஷின் மிதித்தவள், சலூனுக்குப் பக்கத்து அறையைப் பிடித்திருக்கிறாள். பெயர் வைத்தது மகள்: கச்சிதம் தையலகம்.

"இந்தத் தெருவுலயே தப்பில்லாத ஒரே போர்டு எங்க அம்மாவோடதா இருக்கும், பாருங்க" என்று சலூன்காரரிடம் சவால் விட்டாள். அவர் தலைக்கு மேலே "முடி திருததகம" தொங்கியது.

"இல்லைன்னா?" என்றார் அவர், கத்தரியைத் துடைத்துக்கொண்டே.

"என் ஜடையை வெட்டிக்கோங்க. இருந்துச்சுன்னா, நீங்க உங்க போர்டை இறக்கி எங்க சித்தப்பாகிட்ட குடுத்துப் புள்ளி வாங்கணும். சரியாண்ணே?"

"டிகிரி, யோசிச்சுப் பேசு. இடுப்புக்குக் கீழ தொங்குது ஜடை."

"பேசினா பேசினதுதான்."

சித்தப்பா எழுதி முடித்து, பலகையைக் கடை வாசலில் சாத்தி வைத்தார். "நாளைக்குக் காலைல வந்து புள்ளி வைக்கிறேன். அதுவரைக்கும் யாரையும் தொட விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எட்டிப் பார்த்தவர்களை முறைத்தாள். ஈயைக்கூட விரட்டினாள்.

"மழை வரும்போல இருக்கே, மாட்டிடலாமா?" என்று சலூன்காரர் தூண்டில் போட்டார்.

"வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. போய் வேலையைப் பாருங்கண்ணே."

பொழுது சாயும் நேரத்தில் அம்மா வந்தாள். பழைய கடையில் அன்று அவளுக்குக் கடைசி நாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தாள். பலகையைப் பார்த்ததும் நின்றாள். விரலைக் காற்றில் நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள்.

"இது நம்மளுதாடி?"

"உன்னோடதும்மா."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, கடையில் புதுத் துணியைத் தொட்டுப் பார்க்கக் கூச்சப்படும் குழந்தை மாதிரி கேட்டாள்: "மேல இருந்தா எப்படி இருக்கும்?"

அவ்வளவுதான். மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே! ஏணியைக் கொண்டாங்க!" என்று தெரு அதிரக் கத்தினாள்.

சலூன்காரர் ஏணியோடு ஓடி வந்தார். என்ன இருந்தாலும் நல்ல மனுஷன். "டிகிரி, ஒரு வார்த்தை சொல்லிடறேன்..."

"அப்புறம் சொல்லுங்க! ஏணியைப் பிடிங்க!"

அவளே ஏறினாள், அவளே மாட்டினாள். அம்மா கீழேயிருந்து "கொஞ்சம் இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கையை ஆட்டினாள். ஏணியைப் பிடித்திருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்க, ஏணியும் சேர்ந்து குலுங்கியது.

காலையில் சித்தப்பா சிவப்பு டப்பாவோடு வந்தார். வாசலில் பலகை இல்லை. அண்ணாந்து பார்த்தார்.

கசசிதம தையலகம.

"நீயுமா?" என்றார்.

அவள் நிமிர்ந்து படித்தாள். முகம் சிவந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எதிர்ச்சாரியில் பாத்திரக்கடைக்காரர் தன் பலகைக்குக் கீழே நின்று சிரித்தார். அவர் பலகையும் இப்படி ஒரு சாயங்காலம்தான் மேலே போயிருக்கும்.

ஜடை போயிற்று. சலூன்காரர்தான் தயங்கினார். "வேணாம்மா, விளையாட்டுக்குச் சொன்னேன்."

"வெட்டுங்கண்ணே. நேரா வெட்டுங்க."

கழுத்தளவு முடியோடு வெளியே வந்தவள், தலையை ஆட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பலகைக்குக் கீழே அம்மாவை இழுத்து நிறுத்தி, கைப்பேசியைச் சலூன்காரரிடம் நீட்டினாள். "படத்துல போர்டு முழுசா விழணும்." படத்தை விடுதித் தோழிகளுக்கு அனுப்பினாள்: "எங்க அம்மா கடை. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. நான் சிரிச்சு முடிச்சிட்டேன்."

பிறகு சித்தப்பாவின் சிவப்பு டப்பாவை வாங்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

"எங்கடி ஏறுற?" உள்ளேயிருந்து அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. "மூணு பேர் துணியோட நிக்கிறாங்க! இறங்கி வந்து அளவெடு!"

டப்பாவை ஏணிப்படியிலேயே வைத்துவிட்டு ஓடினாள்.