இருபத்தொரு சென்டிமீட்டர்

…இருபத்தொன்று, இல்லை, நாடா நழுவியிருக்கும், அகலமான இடத்தில் சுற்ற வேண்டும் என்றுதானே ஆடு வளர்ப்பு மாலை வகுப்பில் சொன்னார்கள், ஒதிலியா மூன்றாம் முறையாகக் கிடாவின் விதைப்பையைச் சுற்றி நாடாவை இழுத்தாள், மறுபடியும் இருபத்தொன்று, பதினாலு மாதப் பொலிகிடாவுக்குக் குறைந்தது முப்பது இருக்க வேண்டும், நான்காம் முறை அளந்தால் மட்டும் கூடிவிடுமா… அப்பா ஃபிதென்சியோ கிடாவின் கழுத்தை அணைத்துப் பிடித்திருந்தார், பத்தொன்பது பெட்டைகளில் ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை, எத்தனைம்மா என்று மட்டும் கேட்டார், கொஞ்சம் கம்மிதாம்ப்பா, அவர் சிரித்தார், “நானும் லேட்டா மீசை முளைச்சவந்தான், உங்கம்மாவக் கேட்டுப் பாரு.” சொல்லிவிடலாமா, இப்போதே, சீக்கிரம் சதை பிடிக்கக் குட்டியில் இதன் காதுத் தோலுக்கடியில் வைத்த மாத்திரையை… வகுப்பில் பயிற்சிக்குக் கொடுத்ததில் இரண்டு மிஞ்சியது, பிறந்த வாரம் ஒன்று, பால் மறந்தபின் ஒன்று, விதையை வளரவிடாது, கறிக்குப் போகிற குட்டிக்கு மட்டும்தான் என்று நோட்டில் சிவப்பில் கோடு போட்டிருந்தாள், தப்பாகவும் செய்யவில்லையே, அந்த வருஷம் ஆண்குட்டிகள் எல்லாமே கறிக்குத்தான் என்று அப்பாதானே சொன்னார், பொலிகிடா வெளியூரில் வாங்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், அப்புறம் குருத்தோலை ஞாயிறன்று வழக்கம்போலக் குட்டிகளை வரிசையாக நிறுத்தினார், இது மற்றவற்றைவிட ஒரு சாண் நீளம், தொடை இரண்டும் தூண், எதற்கு வெளியே வாங்கணும், என் கண்ணு தப்பாது பாத்தியா என்றார், அவள் தலையாட்டினாள், ஏன் ஆட்டினாள், அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்க மனசு வரவில்லையா, அல்லது வெறும் பயமா, இன்றுவரை தெரியவில்லை.

“கிடாகிட்ட கோளாறா, பொட்டைங்ககிட்டயா? நீதானே படிக்கிறவ, சொல்லு.” வாய் தானாகத் திறந்தது, பொட்டைங்களுக்கு வயசாயிடுச்சோ என்னவோப்பா… என்னவோ என்று முடித்தாளே, சந்தேகமாகத்தானே சொன்னாள், அது பொய்க் கணக்கில் வருமா, அவர் தொப்பியைக் கழற்றி மந்தையைப் பார்த்தார், பதினொரு வருஷம் ஒவ்வொன்றாகச் சேர்த்த மந்தை, போனை எடுத்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றாழை மடல் போட்டுக் குழியில் ஆடு வேகவைத்து விற்கிற ரெய்முந்தோவின் குரல் இங்கே வரைக்கும் கேட்டது, “பொட்டைங்க எல்லாத்தையும் எங்கிட்ட வித்துத் தள்ளிட்டு கிடாவ மட்டும் வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற, அதுக்குப் பொண்ணு பாக்கவா?” “ஆமாய்யா, இளசாப் பாத்து வாங்கப் போறேன். நீ வண்டியக் கொண்டா. எம் பொண்ணு பாத்துட்டுச் சொல்லிடுச்சு.”

புதிதாக வாங்குவதும் இந்தக் கிடாவோடுதான் சேரும், அதுவும் மலடாகத்தான் நிற்கும், அடுத்த வருஷம் அவற்றுக்கும் அவள் ஒரு காரணம் சொல்ல வேண்டும்… அப்பா, ஒரு நிமிஷம், என்று சொல்லப் போனாள், அவர் அதற்குள் வாசல் படலை அவிழ்க்கப் போய்விட்டார், பெட்டைகளை எண்ணாமலே ஒதுக்கிக்கொண்டிருந்தார், இருபத்து மூன்று வயசாகியும் அவள் எது சொன்னாலும் யார் சொன்னது, எங்கே படிச்ச, என்று இரண்டு கேள்வியாவது கேட்காமல் விடமாட்டார், இன்றைக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை, அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, வாயை மூடிக்கொண்டாள், அல்லது இன்னும் திறக்கவில்லை.