அவள் இல்லாத பதிவு

"முதல்ல அவள வெளிய தூக்கிப் போடு!" என்றாள் தையல்காரி. கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அவள் என்றால் யார் என்று மகளுக்குத் தெரியும். அலமாரி மேல் சோப்புப் பெட்டி அளவில் உட்கார்ந்திருந்த கருவி. அப்பாவின் நெஞ்சில் ஒட்டிய பட்டையிலிருந்து துடிப்பைப் படித்து, தினம் காலையில் பெண்குரலில் நாலு கேள்வி கேட்டு, வரப்போகும் கோளாறை முன்னாலேயே மோப்பம் பிடித்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும் செயற்கை நுண்ணறிவு. டாக்டர்கள் கையை விரித்த பிறகும் ஏழு மாதம் அவர் நடமாடியது அதனால்தான் என்று, இன்று அடக்கத்துக்கு வந்தவர்கள்கூடப் பேசிக்கொண்டார்கள்.

தையல்காரிக்கு அதுதான் வயிற்றெரிச்சல். முப்பத்தொரு வருஷம் பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டவள் இவள். பேர் வாங்கிக்கொண்டது எவளோ! காலையில் அவர் பெட்டி இருந்த அறைக்குள் போனால் அரைமணி நேரம் குசுகுசுவென்று பேச்சு. வெளியே வந்ததும், "என்ன பண்ணுது உங்களுக்கு?" என்று இவள் கேட்டால் மட்டும், "ஒண்ணுமில்ல." பஸ் ஓட்டிய மனுஷர், எப்போது கேட்டாலும் அதே ஒரு ஸ்டாப்பிங்தான்.

"நாளைக்கு இத ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுக்கணும்மா," என்றாள் மகள். "குடுத்தா உள்ள இருக்கிற பேச்செல்லாம் அழிஞ்சிடும். அப்பா குரல் வேணும்னா இப்பவே எடுத்துக்கணும்."

"எங்க, ஒண்ணு போடு."

"நேத்து தூங்குனீங்களா?" இனிக்க இனிக்கக் கேட்டது பெட்டி.

"எங்க... ரெண்டு தலகாணி வச்சும் மூச்சு முட்டுது. பயமா இருக்கு."

பயமா! அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து இவள் கேட்டதே இல்லை. செத்துப்போன மனுஷர் மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? அவகிட்ட மட்டும் எல்லாத்தையும் கொட்டியிருக்காரு பாரு!"

"நீ பதறிடுவேன்னுதாம்மா..."

"நீ சும்மா இரு."

மகள் பெட்டியிலிருந்த பேச்சுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றத் தொடங்கினாள்.

"ஏண்டி," என்றாள் தையல்காரி, மகள் முகத்தைப் பார்க்காமல். "தையல் பிரிக்கிற மாதிரி, அவ பேசுறத மட்டும் உருவிட முடியுமா?"

மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினாள். கேள்விகள் இருந்த இடமெல்லாம் வெறுமையானது.

தையல்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, பதிவை ஓடவிட்டாள்.

"நேத்து தூங்குனீங்களா?" என்று கேட்டாள்.

"எங்க..." என்று ஆரம்பித்தார் அவர்.