எந்தப் பக்கம் கோளாறு

பிள்ளைச்சாவடி கடற்கரை விடுதியில் மூன்று நாளாகத் தொலைபேசித் தொல்லை. வெளியிலிருந்து வரும் அழைப்புகள் பேசப் பேச 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு நடுவிலேயே அறுந்தன. அறைக்கு அறை பேசினால் ஒரு குறையும் இல்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் டிஜிட்டல் டிரங்க் லைனில்தான் கோளாறு என்று மேனகா முடிவுகட்டியிருந்தாள்.

விடுதிகளுக்கும் ஆபீஸ்களுக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி மாட்டித்தரும் கம்பெனியில் அவள் டெக்னீஷியன். லைன் கொடுக்கும் கம்பெனியில் இந்தப் பகுதியைப் பார்ப்பவர் செல்வகுமார், அவள் வீட்டுக்காரர். வேலை நேரத்தில் இருவரும் அதைக் காட்டிக்கொள்வதில்லை.

“சார், உங்க லைன்ல எரர் கொட்டுது,” என்றாள் மேனகா, விடுதியிலிருந்து ஸ்பீக்கர் போட்ட போனில்.

“எங்க பக்கம் சுத்தமா இருக்கு மேடம். உங்க பெட்டியப் பாருங்க.”

“பாத்துட்டுதான் பேசறேன்.”

“மூணு நாளா இதத்தான சொல்றீங்க.”

வரவேற்பு மேசையில் இருந்த பாக்கியலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“லூப் போட்டுப் பாத்துருவோம் சார்,” என்றாள் மேனகா.

போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் சேர்த்துவிட்டால் அனுப்பியது அப்படியே திரும்பி வரும். எந்தப் பக்கம் பிழையோடு திரும்புகிறதோ, அந்தப் பக்கம்தான் கோளாறு. முதலில் அவர் பக்கம் லூப் போட்டாள்.

“பத்து நிமிஷமாச்சு. ஒரு எரர் இல்ல மேடம்.” குரலில் குஷி தெரிந்தது.

அடுத்து தன் பெட்டியின் பக்கம் போட்டாள். அங்கும் பச்சை விளக்கு. ஒரு பிழை இல்லை. லூப்பை எடுத்துவிட்டு இரண்டையும் பழையபடி இணைத்ததும் பிழைகள் மறுபடி கொட்டத் தொடங்கின.

பாக்கியலட்சுமி கொடுத்த டீ கையிலேயே ஆறியது. தனித்தனியாக நன்றாக இருப்பவை சேர்ந்தால் மட்டும் ஏன் கெடுகின்றன? லூப் போட்டபோது பெட்டி தான் அனுப்பியதைத் தானே கேட்டுக்கொண்டது. இணைத்தால்தான் எதிர்ப்பக்கத்தின் தாளத்துக்கு ஒத்துப்போக வேண்டும். சட்டென்று லேப்டாப்பைத் திறந்தாள். டெலிபோன் கம்பெனியின் கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டிய பெட்டி, தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, பெட்டிக்குள் லைன் சேரும் கார்டை மாற்றியது அவள்தான். புதுக் கார்டு அந்த அமைப்போடுதான் வரும். மாற்ற மறந்திருக்கிறாள்.

அமைப்பை மாற்றினாள். பிழைகள் நின்றன. காது மடல் சூடாகியது. 'தானா சரியாயிடுச்சு' என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பழையபடி ஸ்பீக்கரிலேயே போன் போட்டாள்.

“என் தப்புதாங்க. கார்டு மாத்தினப்ப கிளாக்க மாத்தாம வுட்டுட்டேன்.”

“அப்ப மூணு நாளா எங்க எஞ்சினியர்கிட்ட நான் வாங்கின திட்டெல்லாம்?”

“நானே அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். ராத்திரிக்கு என்ன வேணும், சொல்லுங்க.”

“வஞ்சிரம் வறுவல். அங்கதான் படகு வரும்ல, வாங்கியாந்துடு.”

பாக்கியலட்சுமி கண்ணை அகல விரித்தாள். “லைன் ஆளுங்களுக்கு மீனு வேற பொரிச்சுத் தரணுமா மேடம்?”

“இவருக்கு மட்டுந்தான். கட்டிக்கிட்டேனே.”

பாக்கியலட்சுமி சிரித்து முடிப்பதற்குள் மணி அடித்தது. சென்னையிலிருந்து யாரோ நான்கு அறை கேட்டு இருபது நிமிடம் விடாமல் பேசினார்கள். கடைசி வார்த்தைவரை நின்று கேட்ட பிறகே மேனகா கிளம்பினாள்.

கரையில் வஞ்சிரம் கிடைக்கவில்லை. சங்கரா ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, எஞ்சினியரிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி டவுன் பஸ் ஏறினாள்.