தார்ன்பெக் ஓடை

தார்ன்பெக் என்ற பெயர் கொண்டவர் ஊரைவிட்டுப் போனால், ஓடையிலும் ஒரு பங்கு அவரோடு போய்விடும். எங்கள் யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் இதைக் கம்பளி விலையைப் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள். முன்னொரு காலத்தில் ஊரில் ஜான்கள் பெருத்துப்போய், ஒருவனைக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பினார்கள். வரி வாங்க வந்தவன் அலுத்துப்போய், தார்ன்பெக் என்னும் முள்மரத்து ஓடையின் கரையில் குடியிருந்த ஜானுக்கு அந்த ஓடையின் பெயரையே வைத்துவிட்டுப் போனான். அன்று பிடித்தது ஓடை, அந்தப் பெயரை விடவேயில்லை.

ஆலை வேலைக்கென்று ஒரு தார்ன்பெக் பிராட்ஃபோர்டு போனான். ஒரே வாரத்தில் அவன் குடியிருந்த வீட்டின் நிலவறையில் எங்கள் கூழாங்கற்களோடு தண்ணீர் ஓடியது. வீட்டுக்காரன் திட்டித் தீர்த்தான். அந்தத் தார்ன்பெக்கின் தம்பி கடல் தாண்டி டாஸ்மேனியாவுக்குப் போய்க் கூடாரம் அடித்த வறண்ட மேய்ச்சல் நிலத்தில் ஓடை பிறந்து, கரையில் முள்மரம் வெள்ளையாய்ப் பூத்தது. உலகத்தின் அடிப்பக்கத்தில் எங்கள் தண்ணீர் ஓடுகிறது என்று ஊரே பெருமையடித்துக்கொண்டது. ஆனால் இங்கே முழங்கால் அளவு ஓடியது கணுக்காலுக்கு இறங்கிவிட்டது.

கடைசியில் ஊரில் மிஞ்சிய தார்ன்பெக் டார்கஸ் ஒருத்திதான். அவளுக்கும் ஆடு மேய்க்கும் ஏமஸ் பிக்கர்ஸ்கில்லுக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. வழக்கப்படி மூன்று ஞாயிறு தேவாலயத்தில் இருவர் பெயரையும் சொல்லிக் கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு வாசித்ததும் ஓடை பாதியாயிற்று. இரண்டாம் ஞாயிறு, கல்லை நனைக்கத்தான் மிச்சமிருந்தது. அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது: கல்யாணம் ஆனால் அவள் பிக்கர்ஸ்கில் ஆகிவிடுவாள். குடிக்கவும், ரோமம் கத்தரிக்கும் முன் ஆடுகளைக் குளிப்பாட்டவும் வேறு தண்ணீர் கிடையாது.

டார்கஸ் அழுது முகம் வீங்கிப்போய் ஏமஸிடம் வந்தாள். "ஊரே நாக்கு வறண்டு கெடக்கும்போது எனக்கென்ன கல்யாணம் வேண்டிக் கெடக்கு? நீ வேற யாரையாவது பாத்துக்க."

"பாத்துக்கிட்டாப் போச்சு," என்றான் அவன், ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டே. அவள் இரவெல்லாம் தூங்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு பாதிரியார், "இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்பவர் உண்டா?" என்று கேட்டதும் மாப்பிள்ளையே எழுந்து நின்றான்.

"உண்டு ஐயா. அவ என் பேருக்கு வரக்கூடாது. நான் அவ பேருக்குப் போறேன்."

அவன் தாய் ஹெப்சிபாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், வீட்டோட மாப்பிள்ளையாப் போறியாடா? உங்கப்பன் பேரு என்ன ஆகுறது?"

"அப்பா பேருக்குத் தண்ணி வராதும்மா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாதிரியார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இதைத் தடுக்க விதி எதுவும் அகப்படவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏமஸ் தார்ன்பெக்" என்று வாசித்தார்.

கதவுக்கடியில் தண்ணீர் வந்தது. நடுவழியே நிதானமாக ஏறி, யாரையும் தொடாமல் ஏமஸின் பூட்ஸைச் சுற்றி நின்றது. அதில் எங்கள் மரம் எதிலும் இல்லாத நீண்ட இலையொன்று மிதந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு பங்கு திரும்பி வந்திருந்தது. டார்கஸ் அந்த இலையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பூட்ஸக் கழட்டுடா," என்றாள். "தோல் ஊறிப்போகும்."